போர்ட்ஃபோலியோ தளத்துக்கு உத்வேகம் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வடிவமைப்பாளர் ஒருவர் தம் வேலைகளைத் தொகுத்துக் காட்டத் தமக்கென்று ஒரு போர்ட்ஃபோலியோ தளம் கட்டுவது என்று முடிவு செய்ததும் செய்கிற முதல் காரியம், மற்றவர்களுடைய தளங்களைத் திறந்து பார்ப்பதுதான். இரண்டு மணி நேரம் கழிந்திருக்கும். பிரவுசரில் 40 டேப் திறந்திருக்கும், புக்மார்க் பட்டியல் நீண்டிருக்கும், "இதில் பாதியாவது நம்மால் முடியுமா" என்ற மலைப்பு மனத்தில் ஏறியிருக்கும். கட்ட வேண்டிய தளத்துக்காக ஒரு கோடுகூட வரைந்திருக்கமாட்டோம். உத்வேகம் கிடைக்கவில்லை என்று இதற்கு நாம் பெயர் வைக்கிறோம். கிடைத்ததென்னவோ அளவுக்கு அதிகம். எதற்காகத் தேட உட்கார்ந்தோம் என்பதுதான் இடையில் மறந்துபோயிற்று.

என் முதல் தளத்தை நான் அப்படித்தான் கட்டினேன். அப்போது விருது வாங்கிக்கொண்டிருந்த தளங்கள் பலவற்றில் கறுப்புப் பின்னணி இருந்தது, திரையை அடைத்துக்கொண்டு பெயர் இருந்தது, மவுஸைத் துரத்திக்கொண்டு ஓடும் ஒரு சிறு வட்டம் இருந்தது. மூன்றையும் எடுத்துக்கொண்டேன். வேலைகளின் படங்கள், மவுஸை அவற்றின் தலைப்புக்கு மேலே கொண்டுபோனால் மட்டும் தெரியும்படி அமைத்தேன்; நான் பார்த்து மயங்கிய தளம் ஒன்றில் அது அப்படி இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. மூத்த வடிவமைப்பாளர் ஒருவரிடம் காட்டப் போனபோது அவர் தம் கைப்பேசியில் அதைத் திறந்து, மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "பேரு நல்லாத் தெரியுது தம்பி, வேலை எங்க இருக்கு?" என்று கேட்டார். கைப்பேசியில் ஏது மவுஸ்? நான் செய்திருந்த வேலைகளில் ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை.

அதன்பிறகு தேடும் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். என் வேலைகள் முதலில், கேள்விகள் அடுத்து, பிறருடைய தளங்கள் அதற்கும் பிறகு. இந்த வரிசையில் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் செலவிட்டால் ஒரு வாரத்தில் தேடலை முடித்துவிட்டு வரையத் தொடங்கலாம்.

1. உங்கள் வேலைகளை மேசையில் பரப்புங்கள்

உங்கள் தளம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் பாதி, நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் வேலைகளுக்குள்ளேயே இருக்கிறது. எனவே யாருடைய தளத்தையும் திறப்பதற்கு முன்னால், காட்டத் தகுந்தவை என்று நீங்கள் கருதும் வேலைகள் அனைத்தையும் சிறு படங்களாக்கி ஒரே இடத்தில் பரப்பிப் பாருங்கள். ஃபிக்மா போன்ற வடிவமைப்புச் செயலியில் ஒட்டினாலும் சரி, அச்சிட்டு மேசைமேல் அடுக்கினாலும் சரி. ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது தெரியாத சங்கதிகள் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும்: பெரும்பாலானவை நெடுக்குவாட்டுச் சுவரொட்டிகளா, கைப்பேசித் திரைகளா, லோகோக்களா? வண்ணம் வாரி இறைத்தவையா, அடக்கமானவையா? படத்தைப் பார்த்தாலே புரிந்துவிடுமா, பின்னணியைச் சொன்னால்தான் புரியுமா?

இந்த விடைகள் பல முன்மாதிரிகளை முன்கூட்டியே கழித்துவிடும். நெடுக்குவாட்டுச் சுவரொட்டிகள் வைத்திருப்பவர், அகலத் திரை முழுவதையும் ஒரே படத்தால் நிரப்பும் தளத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் பயனில்லை. அந்த அமைப்பில் அவருடைய சுவரொட்டிகளுக்குத் தலையும் காலும் வெட்டுப்படும். அடர்ந்த வண்ணங்களில் ஓவியம் தீட்டுகிறவருக்குத் தளத்தின் பின்னணி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். செயலி வடிவமைப்பாளருக்கு நிலைமை நேர் எதிர்: இறுதித் திரையைவிட, எந்தச் சிக்கலிலிருந்து அந்தத் திரைக்கு வந்து சேர்ந்தார் என்ற கதைதான் அவருடைய சரக்கு. ஆகவே நீண்ட உரையைச் சுகமாகப் படிக்கவைக்கும் பக்கங்களே அவருக்கு முன்மாதிரி. அவற்றை அவர் போர்ட்ஃபோலியோக்களைவிட இதழ்களின் கட்டுரைப் பக்கங்களில் நன்றாகக் காண்பார்.

பரப்பியவற்றிலிருந்து நான்கு முதல் ஆறு வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். மீதி எவ்வளவு அருமையாக இருந்தாலும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள், ஏனென்றால் பார்ப்பவர் உங்களை எடைபோடுவது உங்களுடைய ஆகச் சிறந்த வேலையை வைத்தல்ல, வரிசையில் உள்ளவற்றில் தொய்வானதை வைத்துத்தான் என்பது என் அனுபவம். தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றுக்கும், யாருக்காகச் செய்தது, என்ன சிக்கல், உங்கள் பங்கு எது என்று மூன்றே வாக்கியங்கள் எழுதிவையுங்கள். எழுத வராத வேலை எதுவோ, அது தளத்திலும் நிற்காது.

கடைசியாக ஒரு வரி: இந்தத் தளத்தை யார் திறக்கப் போகிறார்கள், திறந்தபின் என்ன செய்ய வேண்டும்? நிறுவனத்தில் ஆள் எடுப்பவர் ஏராளமான விண்ணப்பங்களுக்கு நடுவே திறப்பார். அவருக்கு வேகம் வேண்டும். தம் கடைக்கு லோகோ தேடும் வாடிக்கையாளருக்கு, உங்களை எப்படித் தொடர்புகொள்வது, முன்பு இதைப் போல என்ன செய்திருக்கிறீர்கள் என்ற இரண்டும் போதும். சக கலைஞர்கள் பார்த்து வியக்க வேண்டும் என்பதே நோக்கமென்றால் அதையும் நேர்மையாக எழுதிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் மூவருக்கும் ஒரே தளம் ஒரே அளவுக்குப் பொருந்தாது.

2. தேடலைக் கேள்வியாக மாற்றுங்கள்

"நல்ல போர்ட்ஃபோலியோ தளங்கள்" என்று தேடினால் உலகமே வந்து கொட்டும். முதல் படியில் கண்டவற்றை வைத்து ஐந்தாறு கேள்விகளை எழுதிக்கொண்டு தேடினால், பார்க்கும் ஒவ்வொரு தளமும் ஏதாவதொரு கேள்விக்கு விடை சொல்லும், அல்லது சொல்லாது. சொல்லாததை 10 வினாடியில் மூடிவிடலாம். கேள்விகள் இப்படிக் குறுகலாக இருக்க வேண்டும்:

என்னிடம் நான்கு வேலைகள்தான் இருக்கின்றன. முகப்புப் பக்கம் காலியாகத் தெரியாமல் எப்படி அடுக்குகிறார்கள்? ஓவியம், லோகோ என்று இரண்டு தொழில் செய்கிறேன்; இரண்டையும் கலந்து காட்டுகிறார்களா, மெனுவில் பிரிக்கிறார்களா? ரகசிய ஒப்பந்தத்தால் படம் காட்ட முடியாத வேலையை எப்படிச் சொல்கிறார்கள்? குழுவாகச் செய்த வேலையில் தம் பங்கை எங்கே, எவ்வளவு பெரிதாக எழுதுகிறார்கள்? "என்னைப் பற்றி" பக்கத்தில் புகைப்படம் வைக்க விரும்பாதவர்கள் வேறு எதை வைக்கிறார்கள்?

இவற்றில் எதிலுமே நிறமோ எழுத்துருவோ வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை பின்னால் வரட்டும். அமைப்பைப் பற்றிய கேள்விகளுக்கு விடை கிடைக்கும் முன்பே நிறத்தில் மனம் விழுந்துவிட்டால், என்னைப் போலக் கறுப்புப் பின்னணியில் போய் முடியும்.

3. எங்கே தேடுவது

தேடுமிடங்கள் பல. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்த தராசு. எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் போதும்.

சிறந்த இணையதளங்களுக்கு விருது வழங்கும் ஆவ்வர்ட்ஸ் தளத்தில் நடுவர்கள் மதிப்பெண் இடுகிறார்கள்: வடிவமைப்புக்கு 40 சதவீதம், பயன்பாட்டு எளிமைக்கு 30, படைப்பாற்றலுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. போர்ட்ஃபோலியோ பார்க்க வருகிற ஒருவர் இதே நான்குக்கும் மதிப்பெண் போட்டால் கடைசியில் உள்ளது முதலிடத்துக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். அசைவுகள், மாற்றங்கள், தொழில்நுட்பத்தின் எல்லைகள் ஆகியவற்றைப் பார்க்க இதைவிடச் சிறந்த இடம் இல்லை; அமைப்பைக் கற்க இங்கே வராதீர்கள். சைட்இன்ஸ்பயர் அடக்கமான, எழுத்துருவை நம்பி நிற்கும் தளங்களைத் தொகுக்கிறது. பாணி, வகை, பொருள் என்று வடிகட்டிப் பார்க்க முடிவதால் குறுகிய கேள்விகளுக்கு அதுவே என் முதல் நிறுத்தம். ஒற்றைப் பக்கத்தில் முடித்துவிட எண்ணுபவர்களுக்கு ஒன் பேஜ் லவ் இருக்கிறது.

வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையின் படங்களைப் பகிரும் டிரிபிள் தளம் 2009இல் தொடங்கியபோது, 400க்கு 300 பிக்சல் அளவுள்ள சிறு படம் ஒன்றைத்தான் அதில் போட முடியும். அளவு பின்னர் பெருகியது, பழக்கம் மாறவில்லை: அங்கே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒரு துண்டு. எந்தத் தளத்திலும் உயிரோடு இயங்காத, நிஜ உள்ளடக்கத்தைச் சுமந்திராத துண்டுகளும் அதில் நிறைய. நிறச் சேர்க்கை, ஐகான் பாணி போன்றவற்றுக்கு அது உதவும். முழுப் பக்கம் எப்படி நடக்கிறது என்பதற்கு உதவாது. அடோபி நிறுவனம் 2012இல் வாங்கிய பிஹான்ஸ் இதற்கு மறுகோடி: ஒரே வேலையை நீளமாக, படிப்படியாக விரித்துச் சொல்லும் பக்கங்கள் அங்கே குவிந்திருக்கின்றன. கேஸ் ஸ்டடியை, அதாவது ஒரு வேலை உருவான கதையை, எந்த வரிசையில் சொல்வது என்ற கேள்விக்கு அங்கே போகலாம்.

பலரும் எட்டிப் பார்க்காத இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, டேவ் ஷே 2003இல் தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன். அங்கே, பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் எச்டிஎம்எல் ஒன்றே ஒன்று. சொற்களும் அவற்றின் வரிசையும் மாறவே மாறா. தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றி அதே பக்கத்துக்கு விதவிதமான தோற்றங்களைப் பலரும் கொடுத்திருக்கிறார்கள். நான்கைந்தை அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். இன்றைய கண்ணுக்குச் சில பழசாகத் தெரியும், ஆனால் எது உள்ளடக்கம், எது மேற்பூச்சு என்று பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. இன்னொன்று, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். உங்களுக்குப் பிடித்த வடிவமைப்பாளரின் தள முகவரியை அதில் இட்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு முன்பு அது எப்படி இருந்தது என்று பாருங்கள். இன்று நீங்கள் வியக்கும் எளிமை, எவற்றையெல்லாம் கழித்தபின் வந்தது என்று புரியும்; கூடவே, அவரும் ஒரு காலத்தில் சுமாராகத்தான் தொடங்கியிருப்பார் என்ற ஆறுதலும் கிடைக்கலாம்.

தேடுதளங்களையே நம்பியிருக்காமல், உங்களைப் போன்ற வேலை செய்பவர்களின் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்து அவர்களுடைய சொந்தத் தளங்களுக்குப் போய்ப் பாருங்கள். விருதுக்காகக் கட்டப்படாத, அன்றாடம் வாடிக்கையாளரை வரவழைத்துக்கொண்டிருக்கும் தளங்கள் அவை. உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கிய விடைகள் அங்கேதான் கிடைக்கும்.

4. ஒரு தளத்தைப் பிரித்துப் பார்ப்பது

தேடலில் 20 தளங்களைப் பார்த்தால் மூன்றையாவது அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்க வேண்டும். ஒரு தளத்துக்கு அரை மணி நேரம் கொடுங்கள். "அழகாக இருக்கிறது", "சுத்தமாக இருக்கிறது" என்ற சொற்களை அந்த அரை மணி நேரத்துக்குத் தடை செய்துவிடுங்கள். அளக்கக் கூடியதை மட்டும் எழுதுங்கள்.

நான் பிரித்த தளம் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஓவியருடையது, வெள்ளைப் பின்னணி, ஒரே எழுத்துரு, படத்துக்குக் கீழே படம், அவ்வளவுதான். அதில் என்ன இருக்கிறது என்று பிடிபடாமலேயே பலமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். ஒருநாள், பக்கத்தின் அளவுகளைக் காட்டும் பிரவுசரின் இன்ஸ்பெக்ட் கருவியைத் திறந்து அளந்தேன். படத்துக்கும் அதன் கீழுள்ள தலைப்புக்கும் இடைவெளி 12 பிக்சல். அந்தத் தலைப்புக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 160. பதின்மூன்று மடங்குக்கும் மேல்! எந்தத் தலைப்பு எந்தப் படத்துக்கு உரியது என்று ஒரு கணம்கூடக் குழப்பம் வராததற்கும், ஒவ்வொரு படமும் தனியறையில் மாட்டியதுபோல் தெரிந்ததற்கும் அந்த விகிதம்தான் காரணம். வெள்ளை என்று நான் நம்பிய பின்னணியும் வெள்ளையில்லை. நிறம் எடுக்கும் கருவியை வைத்தபோது, மஞ்சள் துளி கலந்த காகித வெண்மை என்று தெரிந்தது. அவர் நீர்வண்ணத்தில் வரைபவர். ஓவியக் காகிதத்தின் நிறம் பக்கத்தின் நிறத்தோடு கலந்து, படத்தின் விளிம்பே மறைந்துபோகும்படி செய்திருந்தார். இது அவருடைய வேலையிலிருந்து பிறந்த முடிவு. கணினியில் வரைந்த லோகோக்களுக்கு அந்தப் பின்னணியை நான் எடுத்து வைத்திருந்தால் திரை அழுக்காகத் தெரிந்திருக்குமே தவிர வேறொன்றும் நடந்திருக்காது. ஆனால் இடைவெளி விகிதம் யாருக்கும் பொருந்தும், அதை எடுத்துக்கொண்டேன்.

பிரித்துப் பார்க்கும்போது நான் பின்பற்றும் ஒழுங்கு இது. தளத்தைத் திறந்து ஐந்து வினாடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, நினைவில் நிற்பவற்றை எழுதுவேன். வேலையின் படம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அந்தத் தளத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறையும். பிறகு கண்ணைச் சுருக்கி, எழுத்துகள் மங்கும் அளவுக்குப் பார்ப்பேன்: எந்தக் கட்டம் கனமாகத் தெரிகிறது, கண் எங்கிருந்து எங்கே போகிறது? ஸ்கிரீன்ஷாட் எடுத்து நிறத்தை நீக்கிக் கறுப்புவெள்ளையாக்கிப் பார்ப்பேன். நிறம் போனதும் பக்கம் உப்புச் சப்பில்லாமல் ஆகிவிட்டால், என்னை ஈர்த்தது அமைப்பு அல்ல, நிறம்தான் என்று அர்த்தம். அடுத்து எண்ணிக்கை: எத்தனை எழுத்துரு, எத்தனை எழுத்தளவு, எத்தனை நிறம்? நீங்கள் எண்ணிப் பார்த்தால் பல நல்ல தளங்களில் இந்த எண்கள் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியவையாக இருக்கும்.

அதன்பின் பிரவுசர் சாளரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பேசி அகலத்துக்குக் குறுக்குங்கள். மூன்று நெடுவரிசையாக இருந்தவை எந்த இடத்தில் இரண்டாகின்றன, மெனு எங்கே ஒளிகிறது, மவுஸுக்கென்று வைத்தவை என்ன ஆகின்றன என்று பாருங்கள். பெரிய திரையில் அசத்திவிட்டு இங்கே கைவிரிக்கும் தளங்களுக்குப் பஞ்சமில்லை. முகப்பிலிருந்து முதல் வேலையை முழுதாகப் பார்க்க எத்தனை கிளிக், தொடர்பு முகவரிக்கு எத்தனை கிளிக் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவில் ஒவ்வொரு கவனிப்புக்கும் எதிரே இரண்டு குறிப்புகள் எழுத வேண்டும்: அவர் ஏன் அப்படிச் செய்திருப்பார், எனக்கு அந்தக் காரணம் உண்டா? இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்று வந்தால் எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

5. இணையத்துக்கு வெளியே

போர்ட்ஃபோலியோக்களை மட்டுமே பார்த்துக் கட்டிய போர்ட்ஃபோலியோ, ஜெராக்ஸிலிருந்து எடுத்த ஜெராக்ஸைப் போல மங்கிக்கொண்டே போகும். வடிவமைப்பில் நிலைத்து நின்ற பல தீர்வுகள் பக்கத்துத் துறையிலிருந்து வந்தவை. லண்டன் சுரங்க ரயில் வரைபடத்துக்கு 1933இல் வெளியான புது வடிவத்தைக் கொடுத்த ஹாரி பெக், தொழிலால் பொறியியல் வரைவாளர். நிலப்பரப்பின் நெளிவுகளை உதறிவிட்டு, மின்சுற்று வரைபடத்தை நினைவூட்டும் நேர்கோடுகளாலும் 45 பாகைச் சாய்கோடுகளாலும் அதை வரைந்தார். மேக்கின்டோஷ் கணினிக்கு ஐகான்கள் வரைந்த சூசன் கேர், கட்டளை விசைக்கான குறியைக் குறியீடுகளின் அகராதி ஒன்றில் கண்டெடுத்தார். வட ஐரோப்பிய நாடுகளில் பார்க்கத் தகுந்த இடங்களைச் சுட்டும் வழிகாட்டிப் பலகைக் குறி அது. இருவரும் தங்கள் துறையின் அன்றைய "சிறந்த முன்மாதிரி"களுக்குள்ளேயே தேடியிருந்தால் இவை கிடைத்திருக்குமா?

போர்ட்ஃபோலியோ கட்டுபவருக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்றாக நான் கருதுவது, மாசிமோ விக்னெல்லி 1977இல் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவைக்காக உருவாக்கிய யூனிகிரிட் அமைப்பு. பாலைவனம், எரிமலை, பழைய கோட்டை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களுக்கான துண்டேடுகள். மேலே கறுப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் பூங்காவின் பெயர், கீழே பொதுவான கட்டங்களுக்குள் படமும் வரைபடமும் உரையும். இந்தச் சட்டகம் மாறாமல் இருப்பதால்தான் உள்ளே இருப்பவை எவ்வளவு மாறினாலும் எல்லாம் ஒரு குடும்பமாகத் தெரிகின்றன. உங்கள் மேசையில் பரந்து கிடக்கும் லோகோவும் செயலியும் சுவரொட்டியும் ஒரே கையிலிருந்து வந்தவையாகத் தெரிய வேண்டுமே என்ற கவலை இருந்தால், அந்தத் துண்டேடுகள் நான்கைந்தைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிதானமான கட்டங்களுக்குள் எவ்வளவு வேகம் காட்ட முடியும் என்பதற்கு யோசெஃப் முல்லர்-புரோக்மன் சூரிச் இசையரங்குக்காகச் செய்த 1950களின் சுவரொட்டிகள் இருக்கின்றன.

பெரிய பெயர்களை நாடித்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. அருங்காட்சியகத்தில் ஒரு பொருளுக்குப் பக்கத்தில் உள்ள விவரச் சீட்டில் எத்தனை வரி இருக்கிறது, எது முதலில் வருகிறது என்று அடுத்த முறை பாருங்கள்: பெயர், காலம், செய்பொருள், பிறகு இரண்டு வரி விளக்கம். வேலையின் தலைப்புக் குறிப்புக்கு அதைவிடக் கச்சிதமான முன்மாதிரி வேண்டியதில்லை.

தமிழில் தளம் அமைப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் பார்க்கும் தளங்களில் பெரும்பாலானவை லத்தீன் எழுத்தை நம்பிக் கட்டப்பட்டவை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு தமிழில் கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டுத் தலைப்பை முழங்கவைக்கும் உத்தி அப்படியே மொழிமாறாது. மேலும் கீழும் நீளும் குறிகளுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும், சொற்களும் நீளமானவை, திரை முழுவதும் ஒரே சொல் என்ற ஆசை கைப்பேசியில் இரண்டு வரியாக உடையும். மாதிரித் தளத்தின் அமைப்பில் உங்கள் பெயரையும் ஒரு பத்தித் தமிழ் உரையையும் இட்டு, கேட்டமரன், முக்தா மலர், அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருக்களில் வைத்துப் பார்த்த பிறகே அந்த அமைப்பு உங்களுக்கு உதவுமா என்று முடிவு செய்யுங்கள்.

6. சேகரிப்பைச் சிறிதாக வைத்திருங்கள்

புக்மார்க் என்பது பெரும்பாலும் மறப்பதற்கான வழி. முகவரியைச் சேமிப்பதைவிட, உங்களுக்குப் பிடித்த அந்தப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கோப்பின் பெயரிலேயே காரணத்தை எழுதிவிடுங்கள்: "தலைப்பு-படத்தை-ஒட்டி", "நான்கு-வேலை-அடுக்கு", "ரகசிய-வேலை-மங்கலாக". பின்டெரெஸ்ட், ஆரினா, ஃபிக்மா எதில் வைத்தாலும் சரி, காரணம் எழுத வராத படம் உள்ளே வரக் கூடாது. அசைவு பிடித்திருந்தால் திரையைச் சில வினாடி வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். அசைவை ஸ்கிரீன்ஷாட் காட்டாது.

வார இறுதியில் எல்லாவற்றையும் ஒரே பலகையில் போட்டு, 12 மிஞ்சும்வரை கழியுங்கள். ஒன்று வரிசைமுறைக்கு, ஒன்று இடைவெளிக்கு, ஒன்று கேஸ் ஸ்டடியின் நடைக்கு என்று ஒவ்வொரு படமும் வேறு வேறு வேலைக்காக இருக்க வேண்டும். பன்னிரண்டில் எட்டு, முகப்பின் முதல் திரையாகவே இருந்தால் உள்பக்கங்களை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை என்று பொருள்.

7. எடுத்துக்கொள்வதன் எல்லை

பதிப்புரிமை பொதுவாக எண்ணத்தைக் காப்பதில்லை, அதன் வெளிப்பாட்டைக் காக்கிறது. படங்களை இரண்டு நெடுவரிசையாக அடுக்குவது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவருடைய நிறம், எழுத்துரு, அசைவு, வாக்கிய நடை எல்லாவற்றையும் ஒருசேர எடுத்து வைப்பது ஈயடிச்சான் காப்பி. சட்டம் என்ன சொன்னாலும், உங்கள் திறமையை நிரூபிக்கும் இடத்தில் அது இருக்கலாகாது. வடிவமைப்பாளர்களின் உலகம் சிறியது, மூலத்தைப் பார்த்தவர் யாராவது உங்கள் தளத்தையும் பார்ப்பார். நான் வைத்துக்கொண்ட விதி: ஒரு தளத்திலிருந்து ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை, எடுத்ததும் குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவற்றோடு கலந்தாக வேண்டும்.

கற்றுக்கொள்வதற்காக ஒரு பக்கத்தை அச்சு அசலாகப் பார்த்து வரைவது வேறு. அது நல்ல பழக்கம், வெளியிடாத வரையில். எழுத்துருக்களின் உரிமத்தைப் படித்துப் பாருங்கள்: கட்டற்ற எழுத்துருக்களுக்கான ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸில் உள்ளவற்றைத் தளத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம், சோதனைக்கென்று தரப்படும் பதிப்புகளைப் பெரும்பாலும் பயன்படுத்தக் கூடாது. டெம்ப்ளேட் வாங்கினாலும் இதே கதைதான்.

8. பலகையிலிருந்து வரைவுக்கு

பன்னிரண்டு படங்களும் கையில் வந்ததும் அவற்றை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். மூடியபின் வரைவதுதான் முக்கியம். திறந்து வைத்துக்கொண்டு வரைந்தால் கை தானாகவே அங்கே போய்விடும். காகிதத்தில், பென்சிலால், நிறமில்லாமல் மூன்று வகை முகப்புகளை வரையுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று உண்மையாகவே வேறுபட்டிருக்க வேண்டும்: படங்களை முன்னிறுத்துவது ஒன்று, எழுத்தை முன்னிறுத்துவது ஒன்று, ஒரே வேலையைப் பெரிதாகக் காட்டி மற்றவற்றைப் பட்டியலாகத் தருவது ஒன்று. முதல் படியில் எழுதிய அந்த மூன்று வாக்கியங்களையும் உங்கள் உண்மையான படங்களையும் மட்டுமே இட்டு நிரப்புங்கள். பொருளற்ற நிரப்பு உரையை வைத்துப் பார்த்தால் எந்த அமைப்பும் அழகாகத்தான் இருக்கும்.

தேர்ந்தெடுத்ததைக் கணினிக்குக் கொண்டுபோகும்போது, முன்மாதிரிகள் கவர்ச்சிக்காகத் தியாகம் செய்த சிலவற்றை நீங்கள் காப்பாற்ற வேண்டியிருக்கும். வெளிர்சாம்பல் எழுத்து பார்க்க நளினம். ஆனால் சாதாரண அளவு உரைக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி அணுகல்தன்மை வழிகாட்டுதல். பக்கத்தின் முதன்மையான படமோ உரையோ 2.5 வினாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பெரிய படங்களைச் சுருக்காமல் ஏற்றுகிற போர்ட்ஃபோலியோக்கள் இதில்தான் சறுக்கும். அசைவுகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்கள் சாதனத்தில் அவற்றைக் குறைக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். அந்தத் தேர்வை மதிக்க சிஎஸ்எஸ்ஸில் சில வரிகளே ஆகும்.

வரைவை மூவரிடம் காட்டுங்கள், அவர்களில் ஒருவராவது வடிவமைப்பாளர் அல்லாதவராக இருக்க வேண்டும். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கைப்பேசியைக் கையில் கொடுத்து, ஐந்து வினாடியில் திரும்ப வாங்கிக்கொண்டு, "நான் என்ன வேலை செய்கிறேன்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தவறாக வந்தால் முகப்பின் முதல் திரைக்குத் திரும்பிப் போங்கள். சரியாக வந்தால் வெளியிடும் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு, அந்தத் தேதிவரை வேறு யாருடைய தளத்தையும் திறக்காதீர்கள்.